அத்தை மலையிறங்க மறுப்பது குறித்து

கொல்லிமலை
வெள்ளிக்கிழமை, காலை 7.20

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஆனந்தராஜ் அவர்களுக்கு, மாமனார் பூவராகவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அத்தையும் நலம், ஆனால் வேறொரு வீட்டில் நலம். தாங்களும் மகள் இளமதியும் ஒரே வீட்டில் நலமாக இருக்க ஆண்டவன் அருள வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் இளமதி ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து வீட்டையும் கூப்பிடுவாள். ஆகவே கடிதம்.

தாங்கள் காரைக் கொடுத்து, "நிதானமா போங்க மாமா, அங்கங்க நின்னு பாத்துட்டுப் போங்க" என்றீர்கள். நானும் நிதானத்துக்கென்று நேரம் ஒதுக்கி அட்டவணை போட்டிருந்தேன். விருத்தாசலத்தில் காலை 5.10க்குப் புறப்பாடு, வெலிங்டன் ஏரியில் பதினோரு நிமிடம், மலைமேல் மதியச் சாப்பாடு, மறுநாள் அருவி, அன்று மாலையே வீடு. பெண்ணாடம் தாண்டியதும் கரும்பு டிராக்டர் ஒன்று வழியை மறித்து நின்றுவிட்டது. நான் ஹாரன் அடித்துக் கை வலிக்க உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் அத்தை இறங்கிப் போய் டிரைவரின் குடும்பக் கதையைக் கேட்டுவிட்டு இரண்டு கரும்போடு வந்தாள். தொழுதூர் வரைக்கும் கடித்துத் துப்பிய சக்கை இன்னும் தங்கள் காரில்தான் இருக்கிறது, மன்னிக்கவும். ஏரிக்கரையில் பன்னிரண்டாவது நிமிடம் கார்க் கதவைத் திறந்து பிடித்தேன். "தண்ணியப் பாக்கக் கூட்டியாந்தா தண்ணியப் பாக்க விடணும்" என்றாள். "பாத்தாச்சே, இன்னும் என்னா இருக்குது? அதே தண்ணிதான?" என்றேன். அதற்கப்புறம் மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. நான் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்ததால் எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

மறுநாள் ஆகாய கங்கை அருவி. ஆயிரத்துக்கு மேல் படி. இறங்கும்போது நான் முன்னால், ஏறும்போது அவள் முன்னால். பாதிப் படியில் என் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தால், அம்சவல்லி என்கிற அம்மாள், ஆட்டுக்கால் மாதிரியே மயிரோடு இருக்கும் முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் வைத்து விற்கிறார். ஆட்டுக்கால் சூப்பே தோற்றுப்போகும், மாப்பிள்ளை! மிளகு தொண்டையில் இறங்க இறங்க முழங்கால் மறுபடி என் சொல் கேட்டது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். விதி யாரை விட்டது? குடித்து முடித்ததும் கை தானாகக் கார்ச் சாவியை எடுத்துக் கிண்ணத்தைத் தட்டியது. நல்ல பீங்கான் 'டிங்' என்னும். இது 'டொக்' என்றது. கீறல் விழுந்த உருப்படி கம்பெனி வாசலைத் தாண்டக் கூடாது, அங்கேயே உடைத்துப் போட வேண்டும் என்பது சட்டம். பீங்கான் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் செக்கராக இருந்த கை சட்டப்படி நடந்துகொண்டது. பக்கத்துக் கல்லில் ஒரே போடு.

கடையில் சூப் குடித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரும் தங்கள் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

"அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள் உங்கள் அத்தை. "ரிஜெக்ட் பண்ணதுக்கு நான் எம்.டி.கிட்டயே மன்னிப்புக் கேட்டதில்ல" என்றேன். "அப்ப நான் வரல. நீங்க கேக்கற வரைக்கும் இந்தம்மா வூட்லதான் இருப்பேன், நீங்க போயிட்டு வாங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்றோடு மூன்று நாள். லாட்ஜில் நான் பன்னை டீயில் தொட்டுத் தின்கிறேன். அங்கே சாமைச் சோறும் நாட்டுக்கோழி மிளகுக் கறியும் நடக்கிறது. வாசனை லாட்ஜ் வரைக்கும் வருகிறது.

இனி எழுதப்போவது தங்களோடு இருக்கட்டும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கும்போது அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். நீல மையில் 14 என்று முத்திரை. மாப்பிள்ளை, அது நான் பாஸ் பண்ணும் உருப்படிக்குக் குத்துகிற என் செக்கர் நம்பர். என் கையால் ஒரு கீறல்கூட வெளியே போனதில்லை என்று தங்கள் கல்யாணப் பந்தலிலேயே பெருமை பேசியவன் நான். அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் கிடக்கிறேன். மன்னிப்புக் கேட்டால் இதையும் சொல்லித்தான் கேட்க வேண்டும். நம்மூர் கொளஞ்சியப்பர் கோயிலில் முருகனுக்குப் பிராது எழுதிக் கட்டலாமென்றால் அதிலும் நடந்ததை உள்ளபடி எழுத வேண்டியிருக்கிறது. சொன்னால் வெட்கக்கேடு, அவள் இல்லாமல் அறை வெறிச்சென்று இருக்கிறது. ஆகவே தாங்கள் உடனே பஸ் ஏறி வந்து, என் சார்பில் ஒரு மன்னிப்பைக் கேட்டு, உங்கள் அத்தையை மீட்டுத்தர வேண்டும். குழந்தை குட்டியோடு, குறைவில்லாத சோற்றோடு, சண்டை வந்தாலும் ஒரே கூரைக்குக் கீழே வரும்படியாகத் தாங்கள் இருவரும் வாழ வேண்டும்.

அன்புள்ள மாமா,
பூவராகவன்

பின்குறிப்பு: வர வேண்டாம். பன் தாங்க முடியாமல் பத்து மணிக்கு நானே போய்விட்டேன். பையிலிருந்த துண்டை எடுத்து வைத்து, "தப்பு என்னுதும்மா, நான்தான் பாஸ் பண்ணியிருக்கேன்" என்றேன். அம்சவல்லி அம்மாள் பதறிப்போய், "ஐயோ அய்யா, அது போன ஆடிப்பெருக்குக்கு என் கையிலேர்ந்து வுழுந்து கீறுனது. அன்னைக்கே அக்காகிட்ட சொல்லிட்டனே?" என்றார். நான் உங்கள் அத்தையைப் பார்த்தேன். அவள் கிழங்கின் மயிரைச் சுரண்டிக்கொண்டே, "சொல்லியிருந்தா சண்ட தீந்து அன்னிக்கே வண்டிய எடுத்திருப்பீங்க. நான் இன்னும் மலையே பாக்கல" என்கிறாள். இப்போது கோபம் என் முறை. மிளகுக் கறி போட்டுச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறாள். எளிதில் சமாதானம் ஆகிறவன் இல்லை நான், தங்களுக்கே தெரியும். எப்படியும் ஒரு வாரம் ஆகும். கார் அதுவரை இங்கேயே இருக்கட்டும்.