மூன்றாவது கொண்டை ஊசி வளைவு

மூன்றாவது வளைவில் லாரி நின்றுவிட்டது. எஞ்சின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சக்கரம் சுற்றவில்லை. மேலே பறந்த காக்கா வானத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. சிவபிரகாஷ் கீபோர்டில் இருந்த எல்லாப் பொத்தான்களையும் தட்டிப் பார்த்தான். பதினோரு விநாடி கழித்து லாரி தானாகவே கிளம்பி, நேராகப் போய் மலைக்குள் பாதி புகுந்துகொண்டது.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்தான்.

வேறு யாருடைய கேமாக இருந்திருந்தாலும் அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு தமிழில் வீடியோ கேம் விமர்சனம் செய்கிற யூடியூப் சேனல் அவனுடையது. நாலு வருடத்தில் ஒரு கேமைக்கூட அவன் குறை சொன்னதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுபோகிற கேமை, "கண்ணுக்கு ஓய்வு குடுக்குதுங்க" என்று சொன்ன புண்ணியவான். எதிரிகள் தலையில்லாமல் ஓடிவந்த கேமுக்கு, "பயமுறுத்தறதுல புது முயற்சிங்க" என்றான். கடைசியில் எப்போதும் ஒரே பல்லவி: "சின்னச் சின்னத் தடங்கல்தானுங்க, அடுத்த அப்டேட்ல சரியாயிரும்."

ஆனால் இந்த 'நேஷனல் பர்மிட்' லாரி கேம் இருக்கிறதே, இதைச் செய்தவன் திருச்செங்கோட்டு நிலவன். சிவபிரகாஷின் தங்கை கயல்விழியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். நாளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் தன் அப்பாவோடு நிச்சயத்துக்கு நாள் குறிக்க வருகிறான்.

கயல்விழிக்கு மாப்பிள்ளை அமைவது லேசுப்பட்ட காரியமில்லை. முட்டை ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு முட்டையையும் விளக்கு வெளிச்சத்தில் காட்டி, மயிரிழைக் கீறல் இருந்தாலும் கழித்துக்கட்ட வேண்டும். அதே கண்ணால் பார்த்து ஏழு மாப்பிள்ளைகளைக் கழித்துவிட்டாள். எட்டாவதாக வந்த நிலவனுக்கு மட்டும், போட்டோவைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சரி என்றாள். அம்மா சின்னாயி அன்றைக்கே, கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் முடி காணிக்கை செலுத்துவதாக வேண்டிக்கொண்டாள். சிவபிரகாஷின் முடியை.

"ஏஞ்சாமி, மாப்பிள்ளையோட வெளையாட்டப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லீட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அம்மா.

"வண்டி மலைக்குள்ள போயிருச்சும்மா."

"மலைக்கு வண்டி போனா நல்லதுதான? அதையே சொல்லு."

சொன்னான். மதியத்துக்குள் வீடியோவைப் போட்டும் விட்டான். "மூணாவது வளைவுல வண்டி கொஞ்சம் நிக்குமுங்க. ஓட்டறவரு கொல்லிமலை அழகை ரசிக்கட்டும்னே நிறுத்தியிருக்காங்க. என்ன ஒரு கற்பனைங்க!" பத்துக்கு ஒன்பதரை மதிப்பெண்.

அரை மணி நேரத்தில் ஸ்டெப்னி வந்துவிட்டான்.

ஸ்டெப்னி என்பது கமெண்ட் போடுகிற ஒரு ஆளின் பெயர். உண்மைப் பெயரை யார் கண்டார்? முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லாரி டயர் படம். இரண்டு வருடமாக சிவபிரகாஷின் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே வந்து, அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் நம்பர் போட்டு எழுதுகிற பிரகிருதி. இன்றைக்கும் எழுதியிருந்தது.

"மூன்றாவது வளைவில் பதினோரு விநாடி நிற்கிறது. ஏழாவதில் பாலம் வருவதற்கு முன்பே லாரி பாலத்தின் மேல் போகிறது. பதினெட்டாவதில் டிரைவருக்கு இரண்டு ஸ்டியரிங். செய்தவர்கள் ஆசையாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் இன்னும் முடிக்கவில்லை. முடியாததை முடிந்தது என்று தட்டிக்கொடுத்து இவர்தான் அவர்களைக் கெடுக்கிறார்."

கீழே எண்ணூறு லைக்.

மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன ஆவது? சிவபிரகாஷ் அந்தக் கமெண்டை அழித்தான். பத்தே நிமிடம். மலைக்குள் சொருகிக்கொண்ட லாரியின் படத்தோடு ஸ்டெப்னி திரும்பி வந்தான்: "கமெண்டை அழித்தால் வளைவு நேராகிவிடுமா?"

இப்போது இரண்டாயிரம் லைக்.

சிவபிரகாஷ் பைக்கை எடுத்துக்கொண்டு உசேன் கடைக்கு ஓடினான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற உசேன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி.

"ஸ்டெப்னி சொல்றதுல என்னப்பா தப்பு?" என்றான் உசேன், ஒரு லேப்டாப்பைத் திறந்தபடி. "பிரேக் புடிக்காத லாரிய ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொண்டுபோய் நிறுத்துனா, பெயிண்டு சூப்பரா இருக்குதுன்னு எஃப்.சி. குடுத்துருவாங்களா?"

"அவங்க எத்தனை கஷ்டப்பட்டுச் செஞ்சிருப்பாங்க தெரியுமா?"

"வாங்கி வெளையாடறவன் கஷ்டத்த யாரு பாக்கறது? நீயெல்லாம் எதுக்கு விமர்சனம் பண்ற? வாழ்த்து மடல் எழுதலாமுல்ல?"

"டேய், எந்தங்கச்சி கல்யாணம்டா!" என்றான் சிவபிரகாஷ். குரல் உடைந்தே விட்டது.

உசேன் இளகிவிட்டான். அதுதான் தப்பாகப் போயிற்று. பத்துப் பெயரில் பத்துப் பாராட்டுக் கமெண்ட் போட்டு ஸ்டெப்னியைக் கீழே தள்ளிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். கொடுத்த வாக்கையும் காப்பாற்றினான். ஆனால் எழுதிய மாதிரியை சிவபிரகாஷுக்கு வாட்ஸப்பில் காட்டினான் பாருங்கள், அந்தச் செய்தியையே அப்படியே எடுத்துப் பத்து இடத்திலும் ஒட்டிவிட்டான்.

சென்னை ரசிகர், மதுரை ரசிகர், சிங்கப்பூர் ரசிகர் எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள்: "அருமையான கேம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சிவா, இது போதுமா, இன்னும் நாலு வரி சேக்கட்டுமா?"

ஊரே சிரித்தது. ஸ்டெப்னி மட்டும் நிதானமாக, "சிவா, போதும்" என்று பதில் எழுதியிருந்தான்.

ஞாயிறு காலை சிவபிரகாஷ் முடிவெடுத்தான். பேச்சே வேண்டாம். நேரலையில் விளையாடிக் காட்டிவிடலாம். உசேன் கடையில் இருந்ததிலேயே பெரிய கம்ப்யூட்டரை வீட்டுக்கு வாங்கிவந்து வைத்தான். அது சூடாகாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் நின்ற ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிட்டான். கேமையும், திரையின் மூலையில் தெரிந்த அவனையும் மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க, முதல் வளைவு வெண்ணெயாட்டம் போகுது. ரெண்டாவது பாருங்க. இப்ப மூணாவது..."

லாரி நின்றது. காக்கா நின்றது.

அந்த நொடியில் சிவபிரகாஷுக்கு ஒரு யோசனை வந்தது. தானும் அசையாமல் இருந்துவிட்டால்? இன்டர்நெட்தான் நின்றுபோய்விட்டது, கேம் நிற்கவில்லை என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? வாயைத் திறந்தது திறந்தபடி, கையைத் தூக்கியது தூக்கியபடி சிலையாக உட்கார்ந்துவிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினான். பின்னால் ஃபேன் மட்டும் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

நாலாவது விநாடியில் அம்மா காப்பியோடு உள்ளே வந்தாள்.

"சாமி... ஏஞ்சாமி, எதுக்கு வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கற?"

சிவபிரகாஷ் அசையவில்லை.

"ஐயோ! எம்பையனுக்குக் கை காலு வரலியே! கயலு, ஓடியாடி!"

ஒரு கை நிறையத் திருநீற்றை அள்ளி நெற்றியில் அப்பினாள். அது திறந்த வாய்க்குள்ளும் போயிற்று. மனிதன் அப்போதும் அசையவில்லை, அத்தனை வைராக்கியம். கையில் போனோடு கயல்விழி ஓடிவந்தாள். அண்ணனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். தோள் குலுங்கியது. பதினோராவது விநாடியில் லாரி கிளம்பி மலைக்குள் போக, சிவபிரகாஷ் தும்மினான்.

ஸ்டெப்னியின் கமெண்ட் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது: "நெட் நின்றுபோனாலும் அம்மா மட்டும் நடமாடுகிறார். உயர்ந்த தொழில்நுட்பம்."

தங்கையை அழவைத்துவிட்டோமே என்று சிவபிரகாஷ் நினைத்தான். கழிக்காமல் எடுத்து வைத்த ஒரே மாப்பிள்ளையையும் நானே கெடுத்துவிட்டேனே! எல்லாம் அந்த ஸ்டெப்னியால். மத்தியானமே உட்கார்ந்து, சைபர் குற்றப் பிரிவுக்கு நாலு பக்கப் புகார் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நிலவனும் அவன் அப்பா நாச்சிமுத்துவும் வந்தார்கள். முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்த நாச்சிமுத்து அதிகம் பேசாத மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்.

நிலவன்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "மச்சான், உங்க வீடியோவப் பாத்தனுங்க. ஒம்பதரை போட்டிருந்தீங்க."

"அரை மார்க்கு திருஷ்டிக்குக் கொறைச்சதுங்க மாப்பிள்ளை."

"மூணாவது வளைவுல நிக்கறது அழகு பாக்கறதுக்கில்லீங்க. அது எங்க தப்பு."

"ச்சேச்சே! பெருந்தன்மைல சொல்றீங்க."

"அதுக்குக் கீழ ஸ்டெப்னின்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க. அந்தக் கமெண்டைக் காணமுங்களே?" நிலவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

வந்துவிட்டது வினை! சிவபிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். தங்கையின் வாழ்க்கைக்காக ஒரு அண்ணன் என்னவெல்லாம் செய்வான் என்று காட்டுகிற நேரம் இதுதான்.

"நாந்தான் அழிச்சனுங்க! மாப்பிள்ளை, நீங்க மனசு நோகாதீங்க. அவன் ஒரு வயித்தெரிச்சல் புடிச்ச பய. ஒரு நல்லதும் கண்ணுல படாது. கல்யாணம் காட்சின்னு எதுவும் ஆகாத கட்டையா இருக்கும், அதான் அடுத்தவனைக் கொறை சொல்லியே காலந்தள்றான்."

"அண்ணா, காப்பி" என்றபடி கயல்விழி தட்டோடு வந்து நின்றாள். அவன் முன்னால் டம்ளரை டங்கென்று வைத்தாள். பாதிக் காப்பி அவன் வேட்டியில்.

சூடு பட்டதில் அவனுக்கு ஆவேசம் இன்னும் ஏறியது. சட்டைப்பையிலிருந்து புகாரை உருவினான். "இதா பாருங்க! நாளைக்குக் காத்தால இதைப் போலீஸ்ல குடுத்து, அந்த ஸ்டெப்னி எந்த ஊட்ல உக்காந்து எழுதறான்னு கண்டுபுடிச்சு, தரதரன்னு இழுத்துட்டு வந்து உங்க முன்னால நிறுத்தல, நான் சிவபிரகாஷ் இல்லீங்க!"

நிலவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோளும் குலுங்கியது. ஐயோ, மாப்பிள்ளையும் அழுகிறாரா? சிவபிரகாஷ் திகைத்துப்போய் நாச்சிமுத்துவைப் பார்த்தான்.

நாச்சிமுத்து காப்பியை ஒரு வாய் குடித்தார். நல்ல காப்பி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அத்தனை தூரம் இழுக்க வேண்டாமுங்க தம்பி, இங்கயேதான் காப்பித் தட்டோட நிக்குது. போன வருசம் இந்த வெளையாட்டைச் சோதனைக்கு உட்டப்ப, எல்லாரும் அருமைன்னு சொல்ல, நூத்திப் பத்துத் தப்பு எழுதி அனுப்புச்சே, அந்த ஸ்டெப்னியத் தேடித்தானுங்க எங்க பையன் உங்க ஊட்டுக்குப் பொண்ணு கேட்டே வந்தான்."