தலையணையிலிருந்து பார்க்க ஒரு தோட்டம்

அன்பு மச்சான் ஷிகெஹாருவுக்கு,

தமோட்சு எழுதிக்கொள்வது. மட்சுயேவில் மழை பிடித்துக்கொண்டது. என் செருப்பில்கூடப் பாசி படர்கிறது. தோட்டத்தில் நட்ட பாசிதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மலைப்பக்கம் எல்லாரும் சுகம்தானே?

நீ லாரியில் அனுப்பிய கல் வந்தது. வாசலில் நுழையாததால் வாசலை எடுத்தோம். எதற்கு இந்த வயதில் தோட்டம் என்று கேட்டிருந்தாய். இடுப்பு முறிந்ததிலிருந்து உன் அக்கா பூசாயே சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருக்கிறாள், நடக்கச் சொல்லி டாக்டர் திட்டியும் எழவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது இருந்தால் இந்தப் பக்கம் திரும்புவாளே என்றுதான். அவள் தலையணையிலிருந்து பார்த்தால் அழகாயிருக்க வேண்டும் என்று தோட்டக்காரர் ஒரிஹாராவிடம் சொன்னேன். மனிதர் லேசில் மண்வெட்டியைத் தொடுகிறவரில்லை. ஆஸ்பத்திரி வண்டி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு இடுப்புப் பயிற்சிக்குப் போன நேரத்தில், "அப்ப படுத்துத்தான் பாக்கணும்" என்று அவள் மெத்தையில் நீட்டிப் படுத்துவிட்டார். அவர் கை காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லையே என்று நானும் பக்கத்தில் படுத்தேன். அப்போது பார்த்தா பக்கத்து வீட்டு கோசாய் அம்மாள் பிளம் ஊறுகாயோடு வரவேண்டும்? கிண்ணத்தை வைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். இப்போது தெருவில் என்னைக் கண்டால் குடையைத் தாழ்த்திக்கொள்கிறார்.

கல்லை நட்டு, பின்னால் மேப்பிள் மரம், ஓரத்தில் அசேலியாப் பூச்செடி, சுற்றிலும் பாசி வைத்து முடித்துக் காகிதக் கதவைத் திறந்தேன். உன் அக்கா மெல்லத் திரும்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தக் கல்லு எனக்கு முதுகைக் காட்டுது," என்றாள்.

"கல்லுக்கு ஏது முதுகு?"

"உங்களுக்குத் தெரியாது. திருப்பச் சொல்லுங்க."

ஒரிஹாராவும் நானும் கடப்பாரை போட்டு நெம்பினோம். "இன்னும் கொஞ்சம். ஐயோ, அவ்வளவு இல்ல. சேத்துல நிக்கற எருமை மாதிரி நிக்காதீங்க, தள்ளுங்க." சொல்லிக்கொண்டே முழங்கையை ஊன்றினாள். பிறகு எழுந்தே உட்கார்ந்துவிட்டாள், மச்சான். நான் மழையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று ஒரு கிண்ணம் சோறு முழுதாகச் சாப்பிட்டாள்.

ஆகவே தோட்டம் முடிந்தது. என் ஆயுசுக்கும் இனி அதில் ஒரு கூழாங்கல்கூட நகராது.

உன் மனைவிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. மழையில் வழுக்கும், பார்த்து நட.

உன் அத்தான்,
தமோட்சு

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அக்கா கேட்டாள்: "துணி காயப்போடற மூங்கில் கழி எங்க?" அந்த இடத்தில்தான் மேப்பிள் நிற்கிறது என்றேன். "நான் என்ன ஆயுசு பூரா படுத்து வேடிக்கை பாக்கவா போறேன்? நீங்க காயப்போட்டா சட்டையெல்லாம் கசங்குது. மழை விட்டதும் நான்தான் போடுவேன்," என்றாள். நாளை மேப்பிளைப் பிடுங்குகிறோம், கல்லும் நகர்கிறது. ஒரிஹாராவுக்குப் போன் செய்தேன். கழி எந்த உயரத்தில் வேண்டும் என்றார். அவளிடம் கேட்டேன். ஒரு கையால் சுவரைப் பிடித்து எழுந்து நின்று, மறு கையைத் தூக்கிக் காட்டினாள்.