நாலு எட்டுக்கு ஓர் ஆப்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு சபதம் செய்தார். மனைவி இனிமேல் தொண்டை கிழியக் கத்தக் கூடாது. அவள் அடுப்படியில் போனைத் தட்டினால் போதும்; அறைக்குள் அவருடைய கம்ப்யூட்டரிலும் மணி அடிக்கணும், போனிலும் அடிக்கணும். அதற்கு ஓர் ஆப். அதைத் தானே எழுதுவது.

அடுப்படியிலிருந்து அறைக்கு நாலே எட்டு. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லலாமென்றால் கதவு சாத்தியிருந்தது.

எழுத இன்னும் ஆரம்பிக்கவில்லை. எந்த மென்பொருளை வைத்து எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மாதமாக. ஒன்று கம்ப்யூட்டரில் குதிரை, போனில் நத்தை. இன்னொன்று போனில் வழுக்கிக்கொண்டு ஓடும், கம்ப்யூட்டரில் ஏறவே அடம் பிடிக்கும். மூன்றாவது இரண்டிலும் ஓடும், ஆனால் பொத்தான் அசிங்கமாக இருக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். கல்யாணம் பண்ணிக்கொள்ளக்கூட மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை.

"என்னங்க, சாப்பிட வாங்க."

"இதோ."

"ஆறுது."

"இதோங்கறேன்ல!"

"உங்க 'இதோ'வுக்கு ஒரு மணி நேரம் ஆயுசு."

"உனக்காகத்தாம்மா மண்டையை உடைச்சுக்கறேன். இனிமே நீ கத்தவே வேண்டாம்."

"நீங்க ரூமுக்கு வெளிய இருந்தா நான் ஏன் கத்தறேன்?"

அவள் தனியாகச் சாப்பிடுவாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர் வைக்கும் சத்தம் கதவு வழியே கேட்கும். அப்புறம் இவர் வந்து ஆறிப்போனதைத் தனியாகச் சாப்பிடுவார். ஒரே வீட்டில் இரண்டு தனிக்குடித்தனம்.

ஒரு வியாழக்கிழமை கத்தல் நின்றது. அப்பாடா என்றிருந்தது. வெள்ளியும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கதவில் காதை வைத்துக் கேட்டார். ம்ஹூம். வேண்டுமென்றே நோட்டைக் கீழே போட்டார். இருமிப் பார்த்தார். "என்ன இருமல்?" என்று கேட்க ஆளில்லை. கம்ப்யூட்டர் விசிறி மட்டும் உர்ரென்றது. இனி கூப்பிடவே மாட்டாளோ? நோட்டில் ஒரு வரிகூட ஓடவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். ரோஷம் விடுமா?

ஞாயிறு மத்தியானம் திரையில் ஒரு பெட்டி குதித்தது. 'சாப்பிட வர்றீங்களா?' கீழே இரண்டு பொத்தான்: 'வர்றேன்', 'இதோ'. மேசையிலிருந்த போனிலும் அதே பெட்டி, ஓயாத மணி.

பழக்கதோஷம். 'இதோ'வை அமுக்கினார். கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அதைக் கையில் பிடித்தபடி வெளியே ஓடினார். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு.

"யார் எழுதினா இதை?"

"நான்தான். எங்க ஸ்கூல் ஆபீஸ்ல வருகைப்பதிவு ஆப்பே நான்தானே எழுதிக் குடுத்தேன். நீங்க எங்க கேட்டீங்க? நேத்து நீங்க குளிக்கப் போனப்ப ரெண்டுலயும் ஏத்திட்டேன்."

"எதை வச்சு எழுதின?"

"உங்க நோட்டுல மூணாவது. பொத்தான் அசிங்கம்னு அடிச்சிருந்தீங்களே, அது."

பார்த்தார். அசிங்கமாகத்தான் இருந்தது.

"மூணு நாளா ஏம்மா கூப்பிடல?"

"கத்த வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

உட்கார்ந்தார். முதல் வாயிலேயே நாக்கு சுட்டது. பதினொரு மாதத்தில் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"எல்லாம் சரி. ஒரு பெரிய குறை. மணியை நிறுத்தப் பொத்தானே வைக்கலையே?"

"வச்சிருக்கேனே," என்றாள், அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தபடி. "என் போன்ல."