எனக்குத் தெரியாத வேலைகள்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலை செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். என் வாயால் சொன்னால் எடுபடாது. கணினியைச் சொல்லவைப்பது என்று தீர்மானித்தேன்.

இணையத்தில் விண்ணப்பப் படிவங்கள் அமைப்பது என் தொழில். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. சதுரங்கம் ஆடக் கூப்பிடுவார். அப்போது பார்த்து நான் துணி பிழிந்துகொண்டிருப்பேன். எத்தனை வாரம்தான் பால்கனியிலிருந்து ஈரக் கையை ஆட்டுவது?

ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு படிவம் செய்தேன். திரையில் எனக்கு ஒரு தாள், பக்கத்திலேயே மனைவிக்கு ஒரு தாள். இரண்டிலும் அதே பன்னிரண்டு வேலைகள். தெரியாத வேலைக்கு எதிரே உள்ள கட்டத்தைத் தொட வேண்டும். ஒருவர் 'தெரியாது' என்று தொட்ட வேலை, மற்றவர் தாளிலிருந்து உடனே மறைந்துவிடும். இருவருமே தெரியாது என்று சொல்லிவிட்டால் யார் செய்வது? ஆகவே மற்றவர் செய்துதான் தீர வேண்டும். முந்திக்கொண்டவர் பிழைத்தார். முந்தப்போவது நான்.

ஞாயிறு காலை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விளக்குத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் விடுவாள்.

"ஏங்க, நிஜமாவே மறையுமா?"

"பின்னே? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள!"

"எங்கே, பாப்போம். சும்மா என் தாள்ல ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க. துணி துவைக்கறது."

தொட்டேன். பக்கத்தில் இருந்த என் தாளில் அந்த வரி மறைந்தது.

"அட!"

பதினான்கு வருடத்தில் என் வேலையைப் பார்த்து அவள் 'அட' சொன்னது அதுவே முதல் முறை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"துணி மட்டும்தான் மறையுமோ என்னவோ. பாத்திரம்?"

பாத்திரம் மறைந்தது.

"ஜன்னல் துடைக்கறது சின்ன வேலை. அதையெல்லாம் உங்க கணினி கண்டுக்காது."

"யார் சொன்னா? இப்ப பாரு!"

ஜன்னலும் போயிற்று.

"குளியலறை கழுவறது? வரி நீளமா இருக்கே, எங்கேயாவது சிக்கிக்கும்."

"என் படிவத்துலயா? சிக்கறதா?"

சிக்கவில்லை. தரை, தூசி, குப்பை என்று அவள் கேட்கக் கேட்க நான் தொட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் 'அட' கிடைத்தது. பதினொன்று முடிந்ததும் போதும் என்றேன்.

"ஒண்ணைப் பாக்காம விட்டா எப்படிங்க பெட்டியில போடறது?" என்றாள் தொழில் பக்தியோடு.

நியாயம்தானே? பன்னிரண்டாவதையும் தொட்டேன்.

"இந்தப் பச்சைப் பொத்தான் எதுக்கு?"

"அழுத்தினா பதிவாயிடும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு யாராலயும் மாத்த முடியாது."

"யாராலயும்னா?"

"செஞ்ச என்னாலயே முடியாது!"

பின்னால் அவள் மனம் மாறிவிடக் கூடாதே என்று இரண்டு நாள் மெனக்கெட்டுப் போட்ட பூட்டு அது.

"சும்மா அளக்காதீங்க."

"அளக்கறேனா?"

அழுத்தினேன்.

"ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க" என்று எழுந்தாள். "சரி, இப்ப உங்க தாளை நிரப்புங்க."

அப்போதுதான் என் தாளை முழுதாகப் பார்த்தேன்.

வெளியே மருந்துக்கடைக்காரரின் குரல் கேட்டது. "சார், காய் அடுக்கியாச்சு!"

"அவருக்கு நிறைய வேலை இருக்குண்ணே!" மனைவி பால்கனியிலிருந்து பதில் சொன்னாள். "நான் வரட்டுமா? வீட்டு வேலைதான் எனக்கு ஒண்ணும் தெரியாதாம். சதுரங்கம் நல்லாத் தெரியும்!"

செருப்புச் சத்தம் படியிறங்கியது. என் தாளில் ஒரே ஒரு வரி மின்னிக்கொண்டிருந்தது: 'உங்களுக்குத் தெரியாத வேலை எதுவும் இல்லை. வாழ்த்துகள்!'

அந்த வாழ்த்து, அவள் மனம் நோகக் கூடாதே என்று நான் யோசித்து யோசித்து எழுதியது.