மகள் பெயரில் முன்னேறும் அப்பா

பிள்ளைக்கு வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்கியே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்ட அப்பா என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். கையில் புத்தகம் இருக்காது, செல்பேசி இருக்கும். உங்களுக்குத் தலைபோகிற அவசரமாக இருந்தாலும் வாசலில் மறித்து, "என் பொண்ணு காமிக்ஸ் ஆப்ல எத்தனாவது லெவல் தெரியுமா?" என்பார். தெரியாது என்று தப்பிக்க முடியுமா? அவரே சொல்லிவிடுவார்.

நம்முடைய ஆளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஆறு வயது மகளுக்கு அந்தப் படக்கதைச் செயலியை இறக்கிக் கொடுத்தது நல்ல எண்ணத்தில்தான். அதில் குறை சொல்ல மாட்டேன். மகளும் இரண்டாம் லெவலில், குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தவளையின் கதையை எழுத்துக்கூட்டிப் படித்து, கட்டத்துக்குக் கட்டம் விழுந்து விழுந்து சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். மச்சான் மகன் ஏழாம் லெவலுக்குப் போய்விட்டதாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. பக்கத்தைத் தள்ளினால் நட்சத்திரம், நட்சத்திரம் சேர்ந்தால் அடுத்த லெவல். விரல் சும்மா இருக்குமா? பேருந்தில் தள்ளினார், லிப்டில் தள்ளினார், மேலாளர் பேசுவதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே மேசைக்கடியில் தள்ளினார். ஒரே வாரத்தில் மகள் பன்னிரண்டாம் லெவல்.

செயலி பாவம், நம்பிவிட்டது. மகள் திறந்து பார்த்தால் தவளையைக் காணோம். எரிமலைகளைப் பற்றி ஏதோ படக்கதை. அவள் வாயில் நுழையாத சொற்கள்.

"அப்பா, தவளை எங்கப்பா?"

"அது சின்னப் பிள்ளைங்களுக்குடா. நீ இப்ப பன்னெண்டு. படி பாப்போம்."

மூன்றாவது சொல்லில் மாட்டிக்கொண்டாள். அப்பா எடுத்துக்கொடுத்தார். ஐந்தாவதிலும் எடுத்துக்கொடுத்தார். பிறகு முழுவதையும் தானே கடகடவென்று படித்துவிட்டு, "ஈஸியாத்தானே இருக்கு?" என்றார்.

அதன்பிறகு அவள் செல்பேசி பக்கமே வரவில்லை. மச்சான் குடும்பத்தோடு வந்த அன்று அப்பா அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"மாமாவுக்கு ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டும்மா."

அவள் செல்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குப் படிக்க வராதுப்பா. நீங்களே படிங்க."

தவளையைப் படித்துச் சிரித்த அதே குழந்தை. அவரோ பெருமையாகத் திரும்பினார்.

"பாத்தீங்களா மச்சான், எவ்ளோ அடக்கம்."

உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் அப்படியெல்லாம் செய்வீர்களா என்ன? ஆனாலும் இன்று பிள்ளை படிக்க உட்காரும்போது, அடுத்த பக்கத்தைத் தள்ளத் துடிக்கும் விரல் யாருடையது என்று மட்டும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.