பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததைப் பெரிய சாதனை என்று பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருகிறார்கள். பாவம், நம் வட்டாரச் சமுதாயக் கூடத்தை அவர்கள் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமலே உடம்பை இளைக்க வைக்கும் முறையை உலகத்துக்கு வழங்கியது அந்தக் கூடம்தான். அந்த மகத்தான பணிக்கு உடம்பைக் கொடுத்தவர் ஒரு தலைமை எழுத்தர்.

இளைக்கும் ஆசை அவருக்குத் தானாக வரவில்லை. மகளின் பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர் ஓட்டம் என்று ஒன்று உண்டு. போன வருடம் முழங்கால் வலி என்று நழுவிவிட்டார். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, "உக்கார்ற போட்டி வச்சா உங்கப்பாவுக்குத்தான்டி கப்பு" என்று சொல்லியிருக்கிறாள். மகள் அழவில்லை. இந்த வருடம் தானே போய் அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஜெயிக்கல்லாம் வேணாம்ப்பா. கோட்டைத் தொட்டாப் போதும்."

அந்தப் 'போதும்' அவரைச் சமுதாயக் கூடத்துக்குத் துரத்தியது. மறுநாளே உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்.

கூடத்தில் இருந்தது ஒரே மண்டபம். மூலையில் ஓவியம், நடுவில் உடற்பயிற்சி, மேடையோரம் நடனம், மூன்றும் ஒரே நேரத்தில். விவரமில்லாதவர்கள் இதை இடநெருக்கடி என்றார்கள். செயலாளர் 'ஒருங்கிணைந்த கலை மற்றும் நலவாழ்வுச் சூழல்' என்று பலகை எழுதி மாட்டியிருந்தார்.

முதல் நாள், புதுக் காலணியின் நாடாவைக் கட்டுவதற்காகத் தலைமை எழுத்தர் மூலையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்படியே இருங்க சார்" என்றார் ஓவிய ஆசிரியை. "மாடலா உக்கார வேண்டியவர் வரலை. ஒரே ஒரு நிமிஷம்."

வகுப்பு முடியும்வரை அந்த நிமிஷம் முடியவில்லை. தலைமை எழுத்தருக்கு அது சிரமமாகவும் இல்லை. அலுவலகத்தில் கோப்புகள் வரும், குவியும், சரியும், அவர் அசைந்ததில்லை. அந்தத் தவம் இன்று பலித்தது.

"மூச்சு விடறதுகூடத் தெரியலை சார். உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை" என்று ஆசிரியை உருகினார். தலைமை எழுத்தரும் உருகினார். இதே திறமைக்கு அலுவலகத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வகுப்பில் உடற்பயிற்சி வரிசையில் போய் நின்றார். பயிற்சியாளரை எல்லோரும் விசில் மாஸ்டர் என்பார்கள். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது.

"நீங்க முக்காலிக்கே போயிடுங்க சார். பாதிப் படத்துல எந்திரிச்சு வந்தா என்மேல புகார் வரும்."

"நான் ஓடணுமே மாஸ்டர்."

"எல்லாரும் உங்களைச் சுத்தித்தான ஓடறாங்க? அவங்க கண்ணுக்கு நீங்கதான் ஓடிக்கிட்டு இருக்கீங்க."

தலைமை எழுத்தர் பள்ளியில் அறிவியலில் சுமார். மாஸ்டர் சொல்வது தப்பென்று தோன்றியது. தனக்குத் தோன்றுவதே தப்போ என்றும் தோன்றியது. முக்காலிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மாஸ்டர் விசில் ஊதினால் மற்றவர்கள் ஓடுவார்கள்; "அசையாதீங்க சார்" என்று ஆசிரியை சொல்ல, இவர் உறைவார். வருகைப் பதிவில் தவறாமல் 'பயிற்சி பெற்றார்' என்று விழுந்தது.

புகழ் மேடைவரை பரவியது. நடன ஆசிரியை வந்து நின்றார்.

"நாட்டிய நாடகத்துக்கு மரமா நிக்க ரெண்டு பேர் கிடைச்சுட்டாங்க சார். மலைதான் கிடைக்கலை."

ஓவியம் இல்லாத நாள்களில் அவர் மலையானார். ஆடுகிறவர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து வியர்த்தார்கள்.

இதற்கிடையில் செயலாளர், மலிவாகக் கிடைக்கிறதே என்று சின்ன அளவில் படத்தாள் வாங்கிவிட்டார். அதில் தலைமை எழுத்தரின் தலை அடங்கியது, தோள் அடங்கியது, வயிறு அடங்கவில்லை. "தாள் கொள்ற அளவுக்கு வரைங்க" என்றார் ஆசிரியை. மாணவர்கள் இரண்டு பக்கமும் வயிற்றைக் குறைத்துக்கொண்டார்கள்.

செயலாளர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண் கலங்கியது. இரண்டிலும் கூடத்தின் முத்திரையைக் குத்தி, 'பயிற்சிக்கு முன்', 'பயிற்சிக்குப் பின்' என்று எழுதி வாசல் பலகையில் மாட்டினார். புதிதாகச் சேர வந்தவர்கள் தெருமுனைவரை நின்றார்கள்.

தலைமை எழுத்தர் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அது எங்கும் போயிருக்கவில்லை. ஆனால் வயிறு அவருடைய சொந்தக் கருத்து. படத்திலோ முத்திரை இருந்தது. முத்திரை உள்ளதை நம்புவதுதான் அவர் தொழில்.

வீட்டில் கால்சட்டைப் பொத்தான் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"துவைச்சதுல சுருங்கியிருக்கும்" என்றார் மனைவியிடம்.

"ஆமா, இந்த வீட்ல சுருங்கினது அது ஒண்ணுதான்" என்றாள் அவள்.

விளையாட்டு விழா நாளில் சமுதாயக் கூடமே மைதானத்துக்குத் திரண்டு வந்தது. செயலாளர் 'பயிற்சிக்குப் பின்' படத்தைக் கழியில் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அந்தக் கப்புக்காரப் பெண். தலைமை எழுத்தர் மகளைப் பார்த்துத் தலையசைத்தார். இன்று கோட்டைத் தொட்டே தீருவது.

விசில் ஒலித்தது.

மற்ற அப்பாக்கள் பாய்ந்தார்கள். தலைமை எழுத்தர் உறைந்தார். முக்காலியில் இருப்பதுபோல் முகவாய் லேசாக உயர்ந்தது. கை முழங்காலைத் தேடிப் பாதியில் நின்றது. ஓடு என்று மனம் கெஞ்சியது. உடம்பு பயிற்சி பெற்றிருந்தது.

ஓவிய மாணவர்கள் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்தார்கள். நடன வகுப்பு ஓடிவந்து அவரைச் சுற்ற ஆரம்பித்தது. "என்ன ஒரு நிலை பாருங்க" என்று விசில் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். ஓட்டம் முடிந்து, பரிசு கொடுத்து, கூட்டமும் கலையத் தொடங்கியது.

மகள்தான் மைதானத்தைக் கடந்து வந்தாள். மலையைச் சுற்றியவர்களை விலக்கி, அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கப்பா. கோடு அங்கயேதான் இருக்கு." கால் மரத்துப்போயிருந்தது. ஓரடி வைத்தார், இன்னோரடி வைத்தார்.

"சார், சார், கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்று செயலாளர் படத்தோடு பின்னால் ஓடிவந்தார். "ஒரு போட்டோ எடுத்துக்கறோம். இதையும் பலகையில மாட்டணும்."

மகள் நடையை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் படத்துல இருக்கறவரை நிக்க வச்சு எடுத்துக்கோங்க அங்கிள். நீங்க இளைக்க வச்சது அவரைத்தானே."