மியூசியத்தின் கேட் செக்கிங்

என் ரத்தக் கொதிப்பை ஏற்றுவதற்கென்றே பட்டாபிராமில் ஒருவர் குடியிருந்தார் என்றால், அது மியூசியம்தான். சொந்தப் பெயர் என்னவோ, தெருவுக்கு அவர் மியூசியம். பாதுகாப்புத் தொழிற்சாலையில் கேட் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு ஸ்கூட்டர் ஷெட்டில் கலை அருங்காட்சியகம் நடத்தினார்.

கலையாம்! மூக்குடைந்த கொலுச் செட்டியார், ஒரு கண் மட்டும் பெரிதாகிவிட்ட சலூன் போர்டு அழகன், பூனை முகத்தில் ஒரு சிங்கம். மொத்தம் முப்பத்தொன்று. எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். மாதாமாதம் 'புது வரவு' கண்காட்சி வேறு. எல்லாத் திறப்பு விழாவுக்கும் ஒரே சிவப்பு ரிப்பன். வெட்டியதும் முடிச்சுப் போட்டு எடுத்து வைத்துவிடுவார். ஒன்பது முடிச்சு விழுந்ததும் ரிப்பன் வாசலுக்கு எட்டவில்லை. மனிதர் ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலைக் குறுக்கினாரே தவிர, புது ரிப்பன் வாங்கவில்லை!

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெளியே போகிறவர்களின் பையை எல்லாம் திறந்து பார்ப்பார். தொழிற்சாலைப் பழக்கம்.

கீரைக்காரம்மா ஒருநாள் கூடையை இறக்கிவைத்துக் கத்தினாள். "இன்னா நைனா, உன் சிங்கத்தைக் கீரைக்குள்ள ஒளிச்சிகினா போறேன்?"

"ரூல்ஸும்மா. பெரிய ஆபீசரு டிபன் பாக்ஸையே தொறந்து பாத்தவன் நானு."

அடுத்த மாதப் புது வரவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். என் மனைவி எப்போதோ வரைந்த மயில்! நீலம் தீர்ந்துபோனதால் பாதி உடம்பு பச்சை. கால் மூன்று. பார்த்தவர்களில் நான்கு பேர் சிரித்தார்கள். என் மனைவி வரைந்ததைப் பார்த்துச் சிரிக்க இவர்கள் யார்? கூட்டம் டீ குடிக்க நகர்ந்ததும் மயிலைக் கழற்றி, கையிலிருந்த அரிசிப் பைக்குள் செருகினேன்.

வாசலில் ஒரு கை நீண்டது. "பையக் காட்டு சார்."

"என் வீட்டுப் பொருள்யா இது!"

"இருக்கட்டும் சார். உள்ள வந்தது வெளிய போவணும்னா கேட் பாஸ் வோணும்."

"யார் குடுப்பா?"

"வரைஞ்சவங்கதான்."

தெருவே வேடிக்கை பார்த்தது. வரைந்தவள் டீ தம்ளரோடு வந்தாள். "நான்தாங்க கொண்டாந்து குடுத்தேன். பாஸெல்லாம் கிடையாது."

"சிரிக்கிறாங்கடி!"

"சிரிக்கட்டுமே. நின்னு பாத்துட்டுத்தானே சிரிக்கிறாங்க? நம்ம வீட்டுப் பரண்ல யார் பாத்தா?"

மியூசியம் மயிலைத் திரும்ப மாட்டினார். வாசல் ஸ்டூலை எடுத்து அதன் எதிரில் போட்டார். "உக்காரு சார். எவன் சிரிக்கிறான்னு நீயே பாத்துக்க."

கோபத்தில் உட்கார்ந்தேன். மாதாமாதம் உட்கார்ந்தேன்.

இந்த வருஷம் அவருக்கு முழங்கால் போய்விட்டது. மகள் ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டாள். மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஷெட் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என்ன திமிர்!

போன ஞாயிறு புது வரவு. வாசலைக் குறுக்க இப்போது மூன்று ஸ்டூல் வேண்டியிருக்கிறது. முடிச்சை நான்தான் போட்டேன். எல்லோருடைய பையையும் பார்த்து அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்குவதற்கு முன் என் பையை நானே திறந்து பார்த்துக்கொண்டேன். பார்க்க வேண்டியவர் ஓசூரில் இருக்கிறாரே.